ஃபுல் ஸ்கிரீன் சார்

இவரை 'அவர்' என்று எழுதுவதா 'அவன்' என்று எழுதுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் 'அவர்' என்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். எங்கள் சங்கரன்கோவில் பக்கம் ஒரு ஆளை மனசாரத் திட்ட வேண்டுமென்றால் மரியாதை தானாகக் கூடிவிடும். "வாங்க துரை" என்று ஒருத்தி சொல்லிவிட்டாள் என்றால் அன்றைக்கு அந்தத் துரை தப்பிப்பது கஷ்டம். அந்த முறையில் இவர் எனக்கு ஆயுசுக்கும் 'அவர்'தான்.

பெயரைச் சொல்ல மாட்டேன். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற ரோட்டில், செல்போன் பாகங்களைச் சேர்த்துப் பூட்டுகிற ஒரு கம்பெனியில் எங்கள் லைனுக்கு அவர் சூப்பர்வைசர். சொந்த ஊர் வாலாஜாபாத். நாற்பது வயசு இருக்கும். நான் பிளஸ் டூ முடித்துவிட்டுப் பஸ் ஏறி வந்து, ஐந்து பேராக ஒரே அறையில் தங்கிக்கொண்டு, கான்ட்ராக்ட்டில் வேலை பார்த்தவள். 2012-லும் 13-லும் தினமும் எட்டு மணி நேரம் அந்த மனிதர் முகத்தில் விழித்தேன். என் ஜாதகத்தில் அப்படி இருந்திருக்கிறது.

அவரை முதலில் பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். அப்படி ஒரு சுத்தம். நாங்கள் எல்லோரும் உடுப்புக்கு மேல் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டுதான் லைனுக்குள் போக வேண்டும். அவருடைய கோட்டுக்கு மேலே சட்டைக் காலர் அட்டை மாதிரி விறைத்து நிற்கும். சேர்ந்த முதல் வாரம், கோட்டு மாட்டுகிற இடத்தில் அவர் கோட்டைக் கழற்றியபோதுதான் பார்த்தேன். காலருக்கும் முதல் பட்டனுக்கும் மட்டும்தான் இஸ்திரி. அதற்குக் கீழே சட்டை, மாடு மென்று துப்பினது போல இருந்தது. நான் பார்ப்பதை அவரும் பார்த்துவிட்டார். வெட்கப்படுவார் என்று நினைத்தேன். பெருமையாகச் சிரித்தார்.

"இன்னாமா பாக்கற? கோட்டு போட்டுக்கினா காலரு தானே தெரியுது? மீதிய எவன் பாக்கப் போறான்?"

சேர்ந்த புதிது என்பதால் நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடிந்தால் வாங்கிக்கொள்வேன்.

மீதியை எவன் பாக்கப் போறான் என்பதுதான் அந்த மனிதரின் வேதம். கம்பெனிக்கு அடிக்கடி பெரிய ஆட்கள் சுற்றிப் பார்க்க வருவார்கள். அவர்கள் நடப்பதற்கென்று தரையில் மஞ்சள் பெயின்ட் அடித்த பாதை ஒன்று உண்டு. முதல் நாள் சாயங்காலம் அவர் அந்தப் பாதையில், விருந்தாளி மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மெதுவாக நடந்து பார்ப்பார். "இங்கருந்து பாத்தா இன்னா தெரியுது?" என்று கேட்டுக்கொண்டே போவார். தெரிவதைத் துடைக்க வேண்டும். தெரியாததைத் தொடக்கூடாது, நேரம் வீண். உடைந்த டிரே, கால் போன ஸ்டூல், எண்ணெய்த் துணி எல்லாம் மெஷினுக்குப் பின்பக்கம் போய் ஒளியும். அந்தப் பின்பக்கத்தில்தான் நாங்கள் உட்கார்ந்து வேலை பார்த்தோம் என்பது அவருக்கு ஒரு விஷயமே இல்லை.

ஒரு தடவை வந்தவர்களில் ஒரு அம்மாள், பாத்ரூம் எங்கே என்று கேட்டுக்கொண்டு மஞ்சள் கோட்டைத் தாண்டிவிட்டார். இவருக்கு முகம் செத்துவிட்டது. ஓடிப்போய் அந்த அம்மாளின் முன்னால், கோழியைக் கூடைக்குள் விரட்டுகிற மாதிரி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, "திஸ் வே மேடம், திஸ் வே" என்று ஆபீஸ் பக்கம் திருப்பிவிட்டார். எங்கள் பாத்ரூமில் மூன்று மாதமாகக் குழாய்க்குத் திருகு கிடையாது. ஒரு கட்டிங் பிளேயரைச் சன்னலில் வைத்து அதைக் கொண்டுதான் தண்ணீர் திறப்போம். நாங்கள் போய்ச் சொன்னபோதெல்லாம் "அது உள்ளார தானேமா கீது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த அம்மாள் மட்டும் அன்றைக்கு உள்ளே போயிருந்தால் மறுநாளே திருகு வந்திருக்கும். எங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

இனி செல்போன் விஷயத்துக்கு வருகிறேன். அதைச் சொன்னால்தான் இவரைப் பற்றி மீதியைச் சொல்ல முடியும்.

கட்டிலை ஒரு கடையிலும் மெத்தையை இன்னொரு கடையிலும் வாங்கினால் அளவு பொருந்தாது இல்லையா, அப்போது வந்துகொண்டிருந்த போன்கள் அப்படித்தான் இருந்தன. திரை ஒல்லியாக நீளம். உள்ளே இருக்கும் கேமரா எடுக்கிற படமோ கட்டை. போனைப் படுக்கையாகப் பிடித்து, கட்டைப் படத்தை நீளத் திரையில் முழுசாகக் காட்டினால் இரண்டு பக்கமும் கறுப்பாகப் பட்டை விழும். பட்டை வேண்டாம், திரை நிறைய வேண்டும் என்றால் படத்தை இழுத்துப் பெரிதாக்க வேண்டும். பெரிதாக்கினால் மேலேயும் கீழேயும் கொஞ்சம் திரையை விட்டு வெளியே போய்விடும். படத்தைத் திரை நிறையப் பார்க்கிறவர்களுக்கு ஒரு நல்ல படம் கிடைத்த மாதிரி இருக்கும். போனது என்ன என்று அவர்களுக்குத் தெரியாது.

இப்படி ஒரு பொருளை இவர் கையில் கொடுத்தால் என்ன ஆகும்? குரங்கு கையில் பூமாலைதான். ஐந்து இன்ச் போன் ஒன்று வாங்கினார். அன்றிலிருந்து எதை எடுத்தாலும் "ஃபுல் ஸ்கிரீன்ல எடுத்தா தான்மா கெத்து. பட்டை வுழுந்தா பழைய டிவி மாதிரி கீது" என்பார். நாங்கள் அவருக்கு ஃபுல் ஸ்கிரீன் சார் என்று பெயர் வைத்தோம். அந்தப் போனைத் திறந்ததும் தெரிகிற படம் அவருடைய குடும்பம். அகலமாக எடுத்த படத்தை நிமிர்ந்த திரைக்கு இழுத்ததில், நடுவில் அவரும் மகளும் திரை நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் ஒரு காதும் ஒரு ஜிமிக்கியும்.

"இது யார் சார்?" என்று கேட்டேன், தெரிந்துகொண்டேதான்.

"வூட்ல" என்றார். கொஞ்சம்கூடக் கூச்சமில்லை.

முதல் வருஷ ஆயுத பூஜைக்கு லைனில் எல்லோரையும் சேர்த்துப் படம் எடுத்தார். பின்வரிசை பெஞ்சின் மேல் நின்றது. நடுவரிசையில் நாற்காலி போட்டு மேனேஜரும் ஆபீஸ்காரர்களும். முன்வரிசையில் நாங்கள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தோம். எங்களோடு, தரை கூட்டித் துடைக்கிற அக்காவும் உட்கார்ந்தார். அந்த அக்காவை நீலச் சீருடையில் அல்லாமல் நாங்கள் பார்த்தது அன்றைக்குத்தான். மாம்பழக் கலரில் புதுப் புடவை. படத்தை மகளுக்கு அனுப்பணும் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். இவர் போனைப் படுக்கையாகப் பிடித்து அளவு பார்த்தார். "இன்னும் பின்னால போய் எடுங்க சார், எல்லாரும் வரணும்லா" என்றேன். "மூஞ்சி சின்னதா பூடும்" என்றார். டெக்னீசியனிடம் போனைக் கொடுத்து, நகராமல் அமுக்கச் சொல்லிவிட்டு ஓடிவந்து மேனேஜர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

மறு வாரம், திரையில் தெரிந்த அளவுக்கே வெட்டிப் பிரின்ட் போட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். நாற்காலிக்காரர்கள் ராஜா மாதிரி இருந்தார்கள். பெஞ்சில் நின்றவர்களுக்குப் புருவத்துக்கு மேலே கிடையாது. எங்களுக்கு உச்சந்தலை மட்டும். வரிசையாக வகிடுகள். கூட்டுகிற அக்கா போர்டுக்கு முன்னால் நின்று வெகு நேரம் தேடினார்.

"நான் எங்கம்மா கீறேன் இதுல?"

குங்குமம் வைத்த ஒரு வகிட்டைக் காட்டி, "இதுதான் அக்கா நீங்க" என்றேன். அந்த அக்கா கிட்டே போய் உற்றுப் பார்த்தார். "நல்ல வேள, வகிடெடுத்து சீவிகினு வந்தேன்" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் வேலை சுலபம். ஆனால் அப்படியும் சொல்ல முடியாது. அந்த வட்டாரத்தில் வாயைத் திறந்தாலே கூவமாக இருக்கிற சூப்பர்வைசர்கள் உண்டு. பேசும்போது தோளில் கையைப் போடுகிறவர்கள் உண்டு. இவர் அதெல்லாம் செய்தவர் இல்லை. யாருக்காவது பிறந்த நாள் என்றால் கேக் வாங்கி வருவார். 'அம்மா' போடாமல் பேசமாட்டார். கெட்டவனாக இருப்பதற்கும் கொஞ்சம் ஆழம் வேண்டும், இவருக்கு அதுவும் இல்லை என்பதுதான் என் அபிப்பிராயம். தண்ணீர் மேல் படிந்த எண்ணெய் மாதிரி மேலேயே மினுங்கிக்கொண்டிருந்தார்.

சரி, என் வேலையைச் சொல்கிறேன். புதிதாகப் பூட்டின போன் என் கைக்கு வரும். வாங்குகிறவர்களுக்கு அழகாகத் தெரியட்டும் என்று அந்தப் போன், கேமராவைத் திறந்தால் திரை நிறையத்தான் படம் காட்டும். நான் ஒரு ரகசிய நம்பரைத் தட்டி உள்ளே போய், படம் முழுசாகத் தெரிகிற மாதிரி மாற்ற வேண்டும். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும், நான்கு மூலையும் தெரியும். அப்படியே பக்கத்தில் இருக்கிற ஸ்டெல்லாவிடம் தள்ளுவேன். அவள் போனை ஒரு வெள்ளை விளக்குப் பலகைக்கு நேராகப் பிடித்து, எங்காவது புள்ளி தெரிகிறதா என்று பார்ப்பாள். லென்ஸுக்குள் தூசி போயிருந்தால் கறுப்பாகப் புள்ளி தெரியும். இல்லையென்றால் பாஸ். பாஸ் போட்டால் அவள் நம்பர் கம்ப்யூட்டரில் ஏறும்.

ஸ்டெல்லா பென்னலூர்ப் பெண். என்னைவிட ஒரு வயசு சின்னவள். அவள் அப்பாவுக்குக் கண்ணில் கோளாறு வந்து, செக்யூரிட்டி வேலையை விட்டு வீட்டோடு இருந்தார். தம்பி பாலிடெக்னிக்கில் படித்தான். வீடு அவள் ஒருத்தி தலையில் நின்றது. அவள் எனக்குச் செய்ததை நான் மறக்கவே முடியாது. எனக்கு அம்மை போட்டபோது வீட்டுக்காரர் அறையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார். கூட இருந்தவர்களும் வாசலோடு நின்றுகொண்டார்கள். ஸ்டெல்லாதான் ஆட்டோ வைத்துக் கூட்டிப்போய் அவள் வீட்டில் பன்னிரண்டு நாள் வைத்துக்கொண்டாள். அவர்கள் வேதக்காரர்கள். எனக்காக ஏசுநாதர் படத்துக்குக் கீழே வேப்பிலைக் கொத்து செருகி, மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார் அவள் அம்மா. "உங்க சாமி கோச்சுக்கப் போறாருளா" என்றேன் ஸ்டெல்லாவிடம். "எங்க சாமிக்கும் வேப்பல தெரியும்க்கா, நீ படு" என்றாள்.

2013 ஆடியில் வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். முதல் நாள் சாயங்காலம் இவர் மஞ்சள் பாதையில் நடந்து வந்து எங்கள் முன்னால் நின்றார். ஸ்டெல்லா கையிலிருந்த போனில் பட்டை தெரிந்தது.

"இன்னாமா இது, துக்க வூட்டு போஸ்டரு மாதிரி கறுப்பு கட்டிகினு? நாளைக்கு அவங்கோ பாத்தா நம்ம போன் இன்னாவோ மட்டமா கீதுன்னு நினைப்பாங்கோ. இந்த ஸ்டெப்ப வுட்டுடு. நேரா ஃபுல் ஸ்கிரீன்லயே தள்ளு."

"சார், அப்ப மூலை தெரியாதே" என்றேன்.

"மூலைய எவன்மா பாக்கப் போறான்? மூஞ்சிய தான் பாப்பான்."

"பேப்பர்ல எழுதி கையெழுத்துப் போடுங்க சார்." வேலையில் எதை மாற்றினாலும் ஒரு தாளில் எழுத வேண்டும் என்பது சட்டம்.

"ஒரு நாளு கூத்துக்கு எதுக்குமா பேப்பரு?" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

ஒரு நாள் கூத்து இரண்டு மாதக் கூத்து ஆயிற்று. ஒரு ஸ்டெப் குறைந்ததில் லைன் வேகமாக ஓடியது. உற்பத்திக் கணக்கு காட்டுகிற போர்டில் அவர் பேரைப் போட்டுப் பச்சைக் கோடு மேலே ஏறியது. "பழையபடி மாத்தட்டுமா சார்?" என்று நான் நாலைந்து தடவை கேட்டேன். "நல்லா தானே போவுது, ஏம்மா நோண்டற" என்றார். ஸ்டெல்லாவும் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். எனக்கும் புத்தி வேண்டாமா? சவத்தை விட்டுத் தொலை என்று நானும் விட்டுவிட்டேன். அது என் தப்பு, இல்லையென்று சொல்லவில்லை.

தீபாவளிக்கு முன்னால் போன்கள் திரும்பி வர ஆரம்பித்தன. எடுத்த போட்டோவில் மேல் மூலையில் கறுப்பாகப் புள்ளி. வானத்தை எடுத்தால் வானத்தில் புள்ளி, சுவரை எடுத்தால் சுவரில் புள்ளி. ஒன்றிரண்டு இல்லை, பெட்டி பெட்டியாக வந்தது. திரை எதைக் காட்டினாலும் அந்தப் போன் போட்டோவை முழுசாகத்தான் எடுக்கும். திரையில் தெரியாத மூலை போட்டோவில் இருந்தது. கம்ப்யூட்டரில் தேடினார்கள். பாஸ் போட்டது எல்லாம் ஸ்டெல்லாவின் நம்பர்.

அந்த மாதம்தான் பர்மனன்ட் லிஸ்ட் வருவதாக இருந்தது. எங்கள் லைனிலிருந்து போன பேர்களில் அவளும் உண்டு, நானும் உண்டு. கான்ட்ராக்ட் என்றால் இன்றைக்கு வா என்பார்கள், நாளைக்கு வராதே என்பார்கள். பர்மனன்ட் என்றால் ஸ்டெல்லா வீட்டில் அடுப்பு எரிவதற்கு ஒரு உத்தரவாதம். அவள் அம்மா அதற்காக வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டிருந்தார்.

விசாரணைக்கு முதல் நாள் இவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பாத்து பாஸ் போட்டது அவ. மூலைல புள்ளி கீது, அவ பாக்கல. அவ்ளோதான் மேட்டரு. நீ நடுவுல வராதமா, உன் பேரு லிஸ்ட்ல கீது."

"தெரியாத மூலையை அவ எப்படிப் பாப்பா சார்? நீங்கதான விடச் சொன்னீங்க?"

"அத யாரு உன்ன கேக்கப் போறாங்கோ? கேட்டத மட்டும் சொல்லு."

சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஸ்டெல்லா அழுதுகொண்டே இருந்தாள். நான் சொன்னேன்: "ஏட்டி, அழாத. நாளைக்கு நான் சொல்லுதேன். சார் சொல்லித்தான் அந்த ஸ்டெப்ப விட்டேன்னு நேராவே சொல்லுதேன். என் பேரு அடிபட்டா படட்டும். அவர் சொன்னத நீயும் கேட்டேல்லா?"

"கேட்டேன்க்கா. பக்கத்துல தானே இருந்தேன். அந்தாளு நாலஞ்சு தபா சொன்னானே" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் கண்ணாடி அறையில் குவாலிட்டி மேனேஜர் உட்கார்ந்திருந்தார். சென்னையிலிருந்து வருகிறவர், கறாரான ஆள். இந்தப் பக்கம் நாங்கள் இரண்டு பேர், அந்தப் பக்கம் இவர். மேனேஜர் முதலில் ஸ்டெல்லாவைக் கேட்க வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன். பட்டை, மூலை, வெளிநாட்டு ஆட்கள், பேப்பர் வேண்டாம் என்றது, நான் திரும்பத் திரும்பக் கேட்டது எல்லாவற்றையும் ஒரு மூச்சில் சொன்னேன். மேனேஜர் எழுதிக்கொண்டே வந்தார். நிமிர்ந்து இவரைப் பார்த்தார்.

"நீங்க சொன்னீங்களா?"

"இல்ல சார்" என்றார் இவர். குரலில் ஒரு நடுக்கம் கிடையாது. "நான் எப்டி சார் சொல்வேன்? வேலை சீக்கிரம் முடியட்டும்னு பொண்ணு தானா வுட்டுருக்கும். பாவம், சின்ன பொண்ணு. மன்னிச்சு வுட்டுடுங்க சார்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். மறைத்துவிட்டு எனக்காகச் சிபாரிசு வேறு.

"எழுத்துல ஏதாவது இருக்கா?" என்று மேனேஜர் என்னைக் கேட்டார்.

"இல்ல சார். ஆனா ஸ்டெல்லா கேட்டா. பக்கத்துலதான் இருந்தா."

மேனேஜர் அவள் பக்கம் திரும்பினார். "சூப்பர்வைசர் சொன்னதை நீ கேட்டியாம்மா?"

ஸ்டெல்லா மேஜையைப் பார்த்தாள். அந்த அறையில் ஏசி அப்படிக் குளிர்ந்தது, ஆனால் அவள் மூக்குமேல் வேர்வை நின்றது.

"இல்ல சார்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"எனக்கு தெர்ல சார். என் கைக்கு எப்டி வந்துச்சோ அப்டி பாத்தேன். ஸ்கிரீன்ல இன்னா தெரிஞ்சுச்சோ அதுல புள்ளி இல்ல. பாஸ் போட்டேன்."

ஒரு வார்த்தை பொய் இல்லை, அந்த "இல்ல சார்", "தெர்ல சார்" தவிர. நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. பன்னிரண்டு நாள் வைத்திருந்து என் தலைக்குத் தண்ணீர் ஊற்றின வீட்டுப் பெண் என்று ஒரு பக்கம் மனசு சொன்னது. இன்னொரு பக்கம் என்ன சொன்னது என்று எழுத மாட்டேன்.

மேனேஜர் பேனாவை மூடினார். எழுதி வைத்த ஸ்டெப்பைச் செய்யாமல் விட்டது யார்? நான். அதை நானே என் வாயால் ஒப்புக்கொண்டிருக்கிறேன். விடச் சொன்னதற்குச் சாட்சி கிடையாது. லிஸ்டில் ஒரு பேர் போயிற்று. மதியத்துக்குள் கான்ட்ராக்ட் ஆபீசிலிருந்து ஆள் வந்து, என்னை நாளைக்கு வரவேண்டாம் என்றார்.

ஸ்டெல்லாவை எப்படி மடக்கினார் என்று எனக்கு ஃபுல் ஸ்கிரீன் சாரே சொன்னார். அடையாள அட்டையைக் கொடுக்கப் போனபோது, ஆறுதல் சொல்கிற பாவனையில் சொன்னார். காலையில் டீ நேரத்தில் அவளிடம், "ரெண்டு பேர்ல ஒருத்தி பேரு தான் நிக்கும், எதுன்னு நீயே சொல்லு" என்று கேட்டாராம். "அவ வூட்ட நினைச்சு பாத்தேன்மா. உனக்கின்னா, ஊர்ல அப்பா அம்மா நல்லா கீறாங்கோ. ஒரகடத்துல இல்லாத கம்பெனியா?" கேக் வாங்கித் தருகிற அதே முகம். தான் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டதாக அந்த மனிதர் நிஜமாகவே நம்பினார்.

நான் திரும்பிவிட்டேன். "ஒரு நிமிசம்மா" என்றார்.

நாளையிலிருந்து படம் முழுசாகத் தெரிகிற மாதிரி வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று மேனேஜர் உத்தரவு போட்டிருந்தார். அந்த ரகசிய நம்பரையும், உள்ளே போய் எதை மாற்றுவது என்பதையும், வேலையை விட்டுப் போன ஒரு டெக்னீசியன் எனக்கு வாயால் சொல்லிக் கொடுத்திருந்தார். இவர் தாளில் ஏற்றவில்லை. இவருக்கும் தெரியாது. இரண்டு வருஷமாக லைனை நடத்துகிறவர், ஒரு தடவைகூட அந்த மெனுவைத் திறந்து பார்த்ததில்லை. ஆபீசில் போய்க் கேட்டால் உன் லைன் வேலை உனக்கே தெரியாதா என்று வரும்.

"போறதுக்கு முன்னால ஸ்டெல்லாவுக்கு ஒரு தபா காட்டிட்டு போயேன். உன் எடத்துல இனிமே அவ தான்."

'நீரே காட்டும்' என்று சொல்லிவிட்டு வந்திருக்க வேண்டும். இந்தக் கதையைக் கேட்கிற எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். நான் போய் என் ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஸ்டெல்லா வந்து பக்கத்தில் நின்றாள். திரும்பி வந்த பெட்டியிலிருந்து ஒரு போனை எடுத்து, நம்பரை மெதுவாகத் தட்டிக் காட்டினேன். அவள் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். பேனா இரண்டு தடவை வழுக்கியது. கேமராவைத் திறந்து விளக்குப் பலகைக்கு நேராகப் பிடித்தேன். திரை நிறைய வெள்ளை, ஒரு பழுது இல்லை. உள்ளே போய் மாற்றினேன். படம் சுருங்கி, இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழுந்தது. மேல் மூலையில் மிளகளவு புள்ளி.

"தெரியுதா?" என்றேன்.

"தெரியுதுக்கா" என்றாள். போனை வாங்கக் கை நீட்டினாள்.

அவர் எங்கள் இரண்டு பேர் தோளுக்கும் நடுவில் எட்டிப் பார்த்தார்.

"இன்னாமா, படம் இவ்ளோ சின்னதா பூடுச்சு?" என்றார்.